பூட்டோடு வாடகைக்கு விடுங்கள்

பகிர்வு ஹோஸ்டிங் (ஒரே சர்வரில் பலருடைய இணையதளங்களுக்கு இடம் வாடகைக்கு விடும் தொழில்) நடத்தும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். சிறு கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் இணையதளம் செய்து கொடுத்துப் பிழைப்பவன் நான். போன மாதம் ஒரு ஜவுளிக்கடையின் தளத்தைப் புது டொமைனுக்கு மாற்றினேன். மறுநாள் காலையில் லாகை, அதாவது தளத்தில் யார் எதைக் கேட்டார்கள் என்ற சர்வர் பதிவைத் திறந்தால், கடைக்காரரே இன்னும் யாருக்கும் முகவரியைச் சொல்லியிருக்கவில்லை, அதற்குள் யாரோ பாஸ்வேர்டுகள் இருக்கும் ‘டாட் என்வ்’ கோப்பைக் கேட்டிருக்கிறார்கள், நிரலின் பழைய வடிவங்கள் இருக்கும் ‘டாட் கிட்’ போல்டரைக் கேட்டிருக்கிறார்கள், ‘பேக்கப் டாட் ஜிப்’ கேட்டிருக்கிறார்கள். இதில் மாயம் ஒன்றுமில்லை. எஸ்எஸ்எல் சான்றிதழ் எடுத்ததுமே டொமைன் பெயர் பொதுப் பதிவேட்டில் ஏறிவிடும். அதையே பார்த்துக்கொண்டிருக்கும் பாட்கள் என்ற தானியங்கி நிரல்கள் உடனே வந்து கதவைத் தட்டும்.

முதல் இரண்டுக்கும் 404, அதாவது ‘அப்படி ஒன்று இல்லை’ என்ற பதில் போயிருந்தது. மூன்றாவதுக்கு 200, ‘இந்தா, எடுத்துக்கொள்’.

அந்த ஜிப்பை அங்கே விட்டது நான்தான். உங்கள் பைல் மேனேஜரில் ‘கம்ப்ரெஸ்’ அழுத்தினேன், அது ஊர் உலகமே திறந்து பார்க்கக்கூடிய பப்ளிக் ஹெச்டிஎம்எல் போல்டருக்குள்ளேயே விழுந்தது, அழிக்க மறந்துவிட்டேன். உள்ளே டேட்டாபேஸ் பாஸ்வேர்டும், ஆர்டர் கொடுத்தவர்களின் போன் நம்பர்களும். தப்பு என்னுடையது, சரி. ஆனால் மறதிக்காரன் நான் ஒருவன்தானா?

இணையதளங்களை வழங்கும் சர்வர் மென்பொருளான அப்பாச்சியைப் பாருங்கள். ‘டாட் ஹெச்டி’ என்று தொடங்கும் கோப்புகளை வெளியே தராதே என்ற விதி அதன் இயல்பு அமைப்பிலேயே வருகிறது. அதே கரிசனத்தை ‘டாட் என்வ்’, ‘டாட் கிட்’, டேட்டாபேஸ் நகலான ‘எஸ்க்யூஎல்’, கோப்பு நகலான ‘பேக்’ வரைக்கும் நீட்ட உங்களுக்கு நாலு வரி போதும். டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் இருக்கும் வேர்ட்பிரஸ்ஸின் கான்ஃபிக் கோப்பை நேராகக் கேட்டால் சர்வரிலுள்ள பிஹெச்பி அதை இயக்கிவிட்டு வெற்றுப் பக்கத்தைத்தான் தரும். திருத்துவதற்கு முன்னால் ஜாக்கிரதையாக அதற்கே ‘பேக்’ என்று ஒரு நகல் எடுத்து வைத்தால், பல சர்வர்களில் அது வெறும் எழுத்துக் கோப்பு. பாஸ்வேர்டோடு அப்படியே நீட்டிவிடும். ஜாக்கிரதைக்காரனுக்குத்தான் ஆபத்து அதிகம் என்பது என்ன கூத்து!

“போல்டருக்கான விதிகளை எழுதும் ஹெச்டிஆக்சஸ் கோப்பில் எழுதிக்கொள்ளலாமே, உதவிப் பக்கம் இருக்கிறதே” என்பீர்கள். அந்தப் பக்கங்கள் பலவற்றில் இன்னும் ‘டினை ஃப்ரம் ஆல்’ என்ற பழைய தடைக் கட்டளை இருக்கிறது. 2012-இல் வந்த அப்பாச்சி 2.4 பதிப்பிலிருந்து எழுத வேண்டியது ‘ரிக்வயர் ஆல் டினைட்’. அப்புறம், அப்பாச்சிக்குப் பதிலாக என்ஜின்எக்ஸ் மென்பொருள் மட்டும் ஓடும் சர்வர் ஹெச்டிஆக்சஸைப் படிப்பதே இல்லை. எழுதியவர் பூட்டிவிட்டதாக நினைத்துத் தூங்குவார். இன்னும் சிலர், தேடுபொறிகள் எங்கே போகக்கூடாது என்று சொல்லும், யாரும் படிக்கக்கூடிய ரோபாட்ஸ் கோப்பில் ரகசிய போல்டர்களின் பெயரை வரிசையாக எழுதி வைக்கிறார்கள். பாட்களுக்கு அலைச்சல் மிச்சம்.

2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த பாதுகாப்பு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் போட இடம் தருகிறது. அது முதலில் தேடிப் போகும் ஆள் கடைக்காரர், நீங்கள் அல்ல. அதனால்தான் உங்களுக்கு அவசரமில்லையோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

நான் கேட்பது பெரிதில்லை. புதுக் கணக்கு எதுவானாலும் புள்ளியில் தொடங்கும் பெயர்களும் நகல் கோப்புகளும் மூடியே இருக்கட்டும். போல்டர் பட்டியல் காட்டுவதும் அப்படியே. திறக்க வேண்டியவர் பேனலில் திறந்துகொள்வார். ஜிப்பை மொத்தமாகத் தடுக்கச் சொல்லவில்லை, பள்ளிகள் வினாத்தாளை அதில்தான் போடுகின்றன. ‘கம்ப்ரெஸ்’ அழுத்தினால் ஜிப் பப்ளிக் ஹெச்டிஎம்எல்லுக்கு வெளியே விழட்டும், அது போதும்.

ஒன்றே ஒன்று. புள்ளிப் பெயர்களை மூடும்போது ‘டாட் வெல்-நோன்’ போல்டரை மட்டும் விட்டுவிடுங்கள். இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் பெரும்பாலும் அங்கே வந்துதான் சரிபார்க்கும். அதையும் மூடிவிட்டால் சான்றிதழ் புதுப்பிக்காமல் நின்றுவிடும், கடைக்காரர் எனக்குத்தான் போன் போடுவார்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளன்