துணியைப் பிடித்துக்கொண்டு ஊர் பார்க்கலாம், பெரியம்மா

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நீங்கள் வாட்ஸப்பில் அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். லண்டன், விண்ட்சர், ஸ்டோன்ஹெஞ்ச், பாத், ஆக்ஸ்போர்டு, ஷேக்ஸ்பியர் ஊர், லேக் டிஸ்ட்ரிக்ட், எடின்பரோ. ஒன்பது நாள், எட்டு ஊர். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கிலோமீட்டர் கணக்கு வேறு. பெரியப்பாவின் கைவண்ணம் என்று பார்த்ததுமே புரிந்துவிட்டது. இதே பட்டியலை ஊர் வரிசையை மட்டும் மாற்றி இந்த வருடம் மூன்று பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுவதை எல்லோரும் படிக்கிற மாதிரி இங்கே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அம்மாவும் அப்பாவும் வந்தபோது நானும் இப்படித்தான் ஓட்டினேன். ஒரு டூர் கம்பெனியில் பணம் கட்டி, விடிவதற்குள் இரண்டு பேரையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஸ்டோன்ஹெஞ்சுக்கு அவர்கள் ஒதுக்கியது ஒரு மணி நேரம். டிக்கெட் கொடுக்கிற இடத்திலிருந்து கல் இருக்கிற இடம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல். அதற்கு இன்னொரு பஸ். போய்ச் சேர்ந்தால் சுற்றிலும் கயிறு கட்டியிருக்கும், எட்ட நின்றுதான் பார்க்கவேண்டும். "கல்லு பெருசுதான். ஆனா எனக்கு பாத்ரூம் க்யூதான் ஞாபகம் இருக்கு" என்றாள் அம்மா. பாத் நகரம் வந்தபோது அப்பா பஸ்ஸிலேயே தூங்கிக்கொண்டிருந்தார், எழுப்ப மனசு வரவில்லை என்றாள். ஊர்களின் மேல் தப்பில்லை. அறுபத்தெட்டு வயதுக்காரர்களை அஞ்சல் பை மாதிரி அனுப்பிய என் மேல்தான் தப்பு.

உங்களுக்கு வேறு மாதிரி யோசித்து வைத்திருக்கிறேன். அருப்புக்கோட்டையில் தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவர் நீங்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தார் சுற்றாமல் (நெசவுக்கு நூலைச் சின்னக் கட்டையில் சுற்றுகிற வேலை) சோறு கிடையாது என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறீர்கள்! நீங்கள் இந்த நாட்டைத் துணி வழியாகப் பாருங்கள். லண்டனில் இரண்டு நாள், மீதி ஏழு நாளும் இங்கே எங்கள் டார்பிஷயரில். அரண்மனை பார்க்காமல் போனால் ஊரில் கேட்பார்களே என்றால், பக்கிங்ஹாம் கேட் முன்னால் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம். ஐந்து நிமிட வேலை.

லண்டனில் நீங்கள் தவறவிடக் கூடாதது ஒரு கட்டில். விக்டோரியா அண்டு ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது, உள்ளே போக இலவசம். பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டன் மேடைகளைக் கலக்கிய நடிகர் டேவிட் காரிக்கின் கட்டில் அது. அதன் திரைச்சீலைகள் நம் சோழமண்டலக் கரையில் தயாரான சீட்டித்துணி, அதாவது பூப்போட்ட பருத்தித் துணி. அந்தத் துணி இங்கே வந்து இறங்கியபோது சுங்கத்துறை பிடித்து வைத்துக்கொண்டது. ஏனென்றால் 1700இலும் 1721இலும் பார்லிமெண்ட் போட்ட சட்டங்களின்படி இந்தியச் சீட்டித்துணி இந்த நாட்டுக்குள் வரக் கூடாது, உடுத்தவும் கூடாது, வீட்டில் தொங்கவிடவும் கூடாது. நம் துணியை எல்லோரும் விரும்பி வாங்க, இங்கே கம்பளியும் பட்டும் நெய்தவர்கள் பிழைப்பு போகிறது என்று கொதித்ததால் வந்த சட்டங்கள். ஊருக்கே பெரிய நடிகர், திரைச்சீலைக்காக அதிகாரிக்குக் கெஞ்சிக் கடிதம் எழுதவேண்டியதாயிற்று. கள்ளக் கடத்தல் சாமானாகப் பிடிபட்ட நம் ஊர்த் துணி! அதைப் பார்த்துவிட்டு ரயில் ஏறினால் அடுத்த ஊரில் பார்க்கப்போவது தானாகவே புரியும்.

அந்த அடுத்த ஊர் கிராம்ஃபோர்டு. டார்பியிலிருந்து மேட்லாக் போகிற சின்ன ரயிலில் போகலாம். ஸ்டேஷனில் இறங்கி ஆற்றோரமாகக் கொஞ்சம் நடந்தால் ஒரு பழைய மில். 1771இல் ரிச்சர்டு ஆர்க்ரைட் என்பவர் ஆரம்பித்தது. அதற்கு முன் அவர் தொழில் முடி வெட்டுவது, விக் செய்து விற்பது. தண்ணீரால் ஓடுகிற பருத்தி நூற்பு மில் என்று உலகத்தில் முதலில் உருப்படியாக நடந்தது இதுதான். பக்கத்து ஈயச் சுரங்கத்திலிருந்து வடிகிற தண்ணீரையும் ஓர் ஓடையையும் சேர்த்துச் சக்கரத்துக்கு விட்டார். சுரங்கத் தண்ணீர் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்குமாம், மார்கழிக் குளிரிலும் உறையாது. ஆள் கெட்டிக்காரர்.

விஷயம் தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டுகிற பாவு நூலில் இருக்கிறது, பெரியம்மா. அதுவரை இங்கே கையால் நூற்ற பருத்தி நூல் பாவுக்குத் தாங்காது, அறுந்துவிடும். அதனால் பாவுக்கு ஆளிச்செடி நார் நூல், அதாவது லினன், குறுக்கே ஓடுகிற ஊடைக்கு மட்டும் பருத்தி என்று கலந்து நெய்தார்கள். நம் ஊரில் பாட்டிகள் ராட்டையில் நூற்ற நூல் பாவுக்கும் நின்றது, ஊடைக்கும் நின்றது. ஆர்க்ரைட்டின் இயந்திரம்தான் இங்கே முதன்முதலில் பாவுக்கு நிற்கிற முறுக்கான பருத்தி நூலை மூட்டை மூட்டையாகத் தள்ளியது. உடனே அவர் பார்லிமெண்டுக்குப் போய் 1774இல் பழைய சட்டத்தைத் தளர்த்தி வாங்கினார், இங்கே நூற்று இங்கே நெய்த பருத்தித் துணிக்கு மட்டும். இறக்குமதிக்குத் தடை தடையாகவே இருந்தது. நடிகருடைய திரைச்சீலை மாட்டிக்கொண்டது இந்தச் சமயத்தில்தான். அதற்கப்புறம் நடந்ததை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அடுத்த நூற்றாண்டில் இங்கத்து மில் நூல் நம் தறிக்கே வந்து ஏறியது.

மில்லைத் தெருவிலிருந்து பார்த்தால் கோட்டை மாதிரி இருக்கும். கீழ்த் தளத்தில் ரோட்டைப் பார்த்து ஜன்னலே கிடையாது. இயந்திரத்தை உடைக்க ஜனங்கள் வந்துவிடுவார்களோ என்ற பயம். உள்ளே இரவும் பகலும் மாறி மாறி வேலை. ஏழு வயதுப் பிள்ளைகள்கூட உண்டு. வழிகாட்டி இதைச் சொன்னபோது எனக்கு உங்கள் தார் கதைதான் ஞாபகம் வந்தது. நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. தாத்தா அடித்தாலும் அது நம் வீட்டுத் திண்ணை, இங்கே மணி அடித்தால் ஓடவேண்டும்.

ஆனால் மில்லைவிட எனக்குப் பிடித்தது கொஞ்ச தூரத்தில் இருக்கிற நார்த் ஸ்ட்ரீட். 1776இல் தொழிலாளர்களுக்கென்று ஆர்க்ரைட் கட்டிய மூன்று மாடி வரிசை வீடுகள். அண்ணாந்து பாருங்கள். கீழ் மாடிகளில் சாதாரண ஜன்னல், மேல் மாடியில் மட்டும் வெளிச்சத்துக்காக அகலமாக வைத்த ஜன்னல். பெண்களும் பிள்ளைகளும் மில்லுக்குப் போக, வீட்டு ஆண்கள் அந்த மாடியில் உட்கார்ந்து நெய்தார்கள். நாம் தரையில் குழி தோண்டித் தறியை இறக்கினோம், இவர்கள் மாடிக்கு ஏற்றியிருக்கிறார்கள். அந்தத் தெருவில் இன்னமும் ஆட்கள் குடியிருக்கிறார்கள், ரொம்ப நேரம் உற்றுப் பார்க்காதீர்கள். நான் பார்த்து, திரைக்குப் பின்னாலிருந்து ஒரு கிழவர் முறைத்தார்.

திங்கட்கிழமை பேக்வெல் சந்தை. கட்டாயம் திங்கட்கிழமைதான், மற்ற நாளில் போனால் அது வெறும் அழகான ஊர். ஐந்து வளைவு வைத்த பழைய கல் பாலம், கீழே தெளிந்த தண்ணீர், வாத்துகள். சந்தையில் சீஸ், செடி, செருப்பு, பேட்டரி, எல்லாம் ஒரே வரிசையில் கிடக்கும். துணிக்கடை ஒன்றில் மீட்டர் கணக்கில் வெட்டுத்துணி வாங்கினேன். கடைக்கார அம்மாள் விரலால் நூலை நெருடிப் பார்த்து விலை சொன்னாள், அசல் நீங்கள் பார்க்கிற மாதிரியே. ஓட்கேக் என்று ஒன்று விற்பார்கள். பெயரைக் கேட்டு கேக் என்று நினைத்துவிடாதீர்கள். ஓட்ஸ் மாவை ஈஸ்ட் போட்டுப் பொங்கவைத்துக் கல்லில் ஊற்றுகிற தோசைதான் அது. நம்மூர்ப் பொடி தூவிச் சாப்பிட்டேன், குற்றமில்லை. பேக்வெல் புட்டிங்கும் பேர்பெற்றது. அடியில் ஜாம், மேலே பாதாம், முட்டை நிறைய. பெரியப்பாவுக்கு வேண்டாம்.

அடுத்த நாள் போகவேண்டிய ஊரின் பெயரை எழுத்துக் கூட்டினால் "ஏயம்" என்று வரும். உச்சரிப்பது "ஈம்". முதலில் கேட்டபோது நமக்கு வருகிற நினைப்பே வேறு இல்லையா, ஈமம், ஈமச்சடங்கு என்று? தற்செயல்தான். ஆனால் பொருத்தம் பயமாக இருக்கிறது.

1665இல் லண்டனில் பிளேக். இந்த மலைக் கிராமத்துத் தையற்காரர் ஒருவருக்கு லண்டனிலிருந்து துணிக்கட்டு வந்தது. ஈரமாக இருந்ததால் உதவியாளர் ஜார்ஜ் விக்கர்ஸ் பிரித்து அடுப்பருகில் காயப் போட்டார். துணி மடிப்பில் தெள்ளுப்பூச்சி இருந்ததாகச் சொல்கிறார்கள். செப்டம்பர் 7ஆம் தேதி அவர் செத்துப்போனார். அப்புறம் பக்கத்து வீடு, அடுத்த வீடு. பதினான்கு மாதத்தில் சுமார் 260 பேர்.

அடுத்த வருடம் ஜூனில் நோய் மறுபடி ஏறியபோது, பாதிரியார் வில்லியம் மாம்பெஸன் ஊரைக் கூட்டி, யாரும் வெளியே போகவேண்டாம், நோய் நம்மோடு நிற்கட்டும் என்றார். அவருக்கு வயது இருபத்தெட்டுக்குள். ஊருக்குப் புதுசு, ஜனங்களுக்கு அவரைப் பிடிக்காது. ஜனங்கள் நம்பியது பதவி பறிக்கப்பட்ட பழைய பாதிரியார் தாமஸ் ஸ்டான்லியை. ஆகாத இரண்டு பேரும் சேர்ந்து நின்றதால்தான் ஊர் ஒத்துக்கொண்டது. தேவாலயத்தைப் பூட்டிவிட்டு வெட்டவெளியில் பிரார்த்தனை. அவரவர் பிணத்தை அவரவர் வீட்டுப் பக்கத்திலேயே புதைக்கவேண்டும். மாம்பெஸன் தன் பிள்ளைகளை முன்பே வெளியூர் அனுப்பிவிட்டார் என்பதையும் சொல்லவேண்டும், வசதி இருந்தவர்கள் சிலர் கிளம்பியும் விட்டார்கள். மனைவி கேத்தரின் போக மறுத்துக் கூடவே இருந்து, ஆகஸ்டில் இறந்துபோனார். சர்ச் வளாகத்தில் அவர் கல்லறை இருக்கிறது.

ரைலி என்ற பண்ணையில் எலிசபெத் ஹேன்காக் என்கிற பெண், எட்டே நாளில் புருஷனையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே இழுத்துப் போய்ப் புதைத்திருக்கிறாள். ஒரு புல் சரிவில், வட்டமான சின்னக் கல் சுவருக்குள் அந்த நடுகற்கள். நான் போன அன்று சுவர் ஓரத்தில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. உள்ளே போகத் தோன்றவில்லை, வெளியிலேயே நின்றேன்.

ஊரிலிருந்து கீழே ஸ்டோனி மிடில்டன் போகிற வயல் பாதையில் எல்லைக் கல் ஒன்று கிடக்கிறது. இருபது நிமிட நடை, உங்கள் முழங்காலுக்கு நான் பொறுப்பு. கல்லில் ஆறு குழி. அதில் வினிகர் ஊற்றிக் காசைப் போட்டுவிட்டு இந்த ஊர்க்காரர்கள் ஒதுங்கிவிடுவார்கள், வெளியூர்க்காரர்கள் சாமானை வைத்துவிட்டுக் காசை எடுத்துப் போவார்கள். விரலை விட்டுப் பார்த்தேன். குழியின் விளிம்பு நம் வீட்டு ஆட்டுக்கல் மாதிரி வழவழ என்று இருந்தது. உள்ளே மழைத்தண்ணீர், யாரோ போட்ட இரண்டு பென்ஸ் காசு.

நீங்கள் ஆகஸ்ட் கடைசியில் வருவதால் இன்னொரு அதிர்ஷ்டம். அந்தச் சமயத்தில்தான் ஈமில் கிணற்றுக்குப் பூ அலங்காரம் செய்வார்கள். டார்பிஷயர் கிராமங்களில் பரவலாக இருக்கிற வழக்கம் இது. பெரிய மரப் பலகையைத் தண்ணீரில் ஊறவைத்து, காலால் மிதித்துப் பதப்படுத்திய களிமண்ணை உப்புச் சேர்த்து அதில் அப்புகிறார்கள். படத்தின் கோடுகளை மண்ணில் குத்தி எடுத்து, ஓரத்துக்குக் காப்பிக்கொட்டையோ சின்னச் சின்ன மரக்காய்களோ பதித்து, நடுவில் பூவிதழ் ஒட்டுகிறார்கள். கீழிருந்து மேலாகத்தான் ஒட்டவேண்டும், ஓடு வேய்கிற மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கவேண்டும். அப்போதுதான் மழைத்தண்ணீர் வழிந்து போகும். மண்டபத்தில் வயசான பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஊர் வம்பு பேசிக்கொண்டே இதழ் ஒட்டியதைப் பார்த்தபோது, மார்கழியில் நம் தெருதான் ஞாபகம் வந்தது. ஒரு வாரத்தில் வாடிவிடும், அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. ஆகஸ்ட் கடைசி ஞாயிறன்று பிளேக்கில் இறந்தவர்களுக்கு நினைவுப் பிரார்த்தனையும் உண்டு.

போகிற வழியில் சாட்ஸ்வொர்த் அரண்மனை வரும். பெரியப்பா அங்கே இறங்கிக்கொள்ளட்டும். நீங்களும் நானும் பக்கத்து எட்ன்சர் கிராமத்தில் டீ குடிக்கலாம் ("என்சர்" என்று சொல்லவேண்டும், இந்த ஊர்க்காரர்கள் பாதி எழுத்தை முழுங்கிவிடுவார்கள்). மாளிகைப் பக்கம் இருந்த பழைய கிராமத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த மாளிகைக்குச் சொந்தக்காரரான பிரபு தள்ளிக் கட்டிய ஊர் இது. ஒரு வீடு மாதிரி இன்னொரு வீடு இருக்காது.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். செருப்பு வேண்டாம், பின்னால் பட்டை வைத்த ஷூ ஒன்று வாங்கிப் போட்டு இப்போதே பழகுங்கள். புடவைதான் கட்டுவேன் என்றால் சரி, கணுக்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டுங்கள், வயல் பாதையில் சேறு. குடை வேண்டாம், மலைக் காற்றில் திருப்பிக்கொள்ளும். கோட் நான் வாங்கி வைக்கிறேன்.

ஊர் வீட்டுப் பரணில் தார்க்கட்டை ஏதாவது மிச்சம் இருந்தால் ஒன்றைப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். கிராம்ஃபோர்டு வழிகாட்டி எங்கேயோ பாவு பற்றிப் பேசும்போது தடுமாறினார், நீங்கள்தான் அவருக்கு எடுத்துச் சொல்லவேண்டும். டிக்கெட் போடும்போது நடுவில் ஒரு திங்கட்கிழமை வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
டார்பியிலிருந்து
உங்கள் தங்கை மகன்