51 சதவீதமும் சங்கப் பலகைகளும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்ததிலிருந்து கண்டன அறிக்கைகளுக்குக் குறைவில்லை. ஆனால், அவற்றில் மூன்று 2020 செப்டம்பர் 23 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியபோது, உறுப்பினர்கள் இடைநீக்கத்தைக் கண்டித்து அவையைப் புறக்கணித்திருந்த எதிர்க்கட்சிகளின் இருக்கைகள் காலியாகவே கிடந்தன. ஆட்குறைப்புக்கும் ஆலை மூடலுக்கும் அரசின் முன் அனுமதி தேவைப்படும் வரம்பை 100 தொழிலாளர்களிலிருந்து 300 ஆக உயர்த்தும் விதி நிறைவேறியது அன்றுதான்.

அதைவிட என்னை உறுத்துவது சங்க அங்கீகார விதி. பல சங்கங்கள் உள்ள நிறுவனத்தில் 51 சதவீதத் தொழிலாளர்களின் ஆதரவு பெற்ற சங்கமே நிர்வாகத்துடன் தனித்துப் பேச்சுவார்த்தை நடத்தும். அப்படி எதுவும் இல்லையெனில், 20 சதவீதத்துக்குக் குறையாத ஆதரவுள்ள சங்கங்களுக்கு மட்டுமே பேச்சுவார்த்தைக் குழுவில் இடம். நான் அரசுப் பேருந்து நடத்துநராகப் பணியாற்றிய பணிமனை வாசலில் கட்சிக்கொரு சங்கப் பலகை நிற்கும். ஆட்சி மாறிய மறுவாரமே பாதிப் பேர் சந்தா ரசீதை வேறு சங்கத்தில் வாங்குவார்கள். நேற்றுவரை வாயிற்கூட்டத்தில் முழங்கியவர் மேலாளர் அறையில் யாருக்கு எந்தத் தடம் என்று சிபாரிசு செய்துகொண்டிருப்பார். இந்தச் சிதறலில் 20 சதவீதத்தை எட்டுவதே பெரும்பாடு.

2018 சனவரியில் ஊதிய உயர்வு கேட்டுத் திமுகவின் தொமுசவும் மார்க்சிஸ்ட் கட்சி சார்ந்த சிஐடியுவும் வேலைநிறுத்தம் செய்தபோது, அன்று ஆட்சியில் இருந்த அதிமுகவின் அண்ணா தொழிற்சங்கப் பேரவை ஒதுங்கி நின்றது. 2024 சனவரியில் பேரவையும் சிஐடியுவும் வேலைநிறுத்தத்தில் இறங்க, அன்றைய ஆளுங்கட்சியின் தொமுச பேருந்துகளை இயக்கியது. அப்போது கேட்கப்பட்டவற்றில் ஓய்வூதியர்களின் அகவிலைப்படி நிலுவையும் ஒன்று. அதற்குக் காத்திருந்தவர்களில் எல்லாச் சங்கத்தாரும் உண்டு, நானும் உண்டு.

ஒன்றுபட முடியாது என்பதும் இல்லை. 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா 2023 ஏப்ரல் 21 அன்று நம் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது, ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. எதிர்க்கட்சிகளும் தொழிற்சங்கங்களும் எதிர்த்தன. மே 1 அன்று அது திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். பத்தே நாள்!

எனவே, பணிமனைகளில் உறுப்பினர் எண்ணிக்கை சரிபார்க்கப்படுவதற்கு முன்பாகவே எல்லாக் கட்சிகளின் தொழிற்சங்கத் தலைவர்களும் ஒருமுறை கூடி, ஊதியம், ஓய்வூதியம், பணி நேரம் ஆகிய மூன்றுக்கேனும் பொதுவான கோரிக்கை மனுவில் கையெழுத்திட வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துநர் ஒருவர்