செல்வத்துக்கு, ஜிப்சியைப் பற்றி

திருவொற்றியூர்

அன்புள்ள செல்வம்,

போடியில் மழை, ஏலக்காய் விலை, மகன் கல்லூரி எல்லாம் எழுதிவிட்டுக் கடைசி வரியில்தான் விஷயத்துக்கு வந்திருக்கிறாய்: "ஜிப்சியை விற்றுத் தொலைத்தாயா இல்லையா?" விற்கவில்லையடா. அந்தப் பழைய மாருதி ஜீப் எழுந்து ஓடுகிறது. வீட்டில்தான் இன்னும் ஓயவில்லை. ரிப்பேருக்குக் கொட்டிய காசுக்கு ஏசி வைத்த கார் வாங்கியிருக்கலாம் என்பது தினசரி சுப்ரபாதம்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எண்ணூர்ப் பக்கம் எண்ணெய் கலந்த வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது ஞாபகம் இருக்கும். எங்கள் தெருவுக்கு எண்ணெய் வரவில்லை, தண்ணீர் வந்தது. சக்கரம் பாதி மூழ்க வண்டி நின்றது. வடிந்ததும் ஸ்டார்ட் ஆகிவிட்டது, அதனால் யாருக்கும் சந்தேகமில்லை. வண்டியின் பின்பக்கம் ஊளைச் சத்தம் வந்த பிறகு, சக்கரங்களை இணைக்கும் ஆக்சிலுக்கு அடியில் இருக்கும் டிரெய்ன் பிளக்கைக் கழற்றினால், கறுப்பாக வர வேண்டிய கியர் ஆயில் பால் தூக்கலான டீ மாதிரி கொட்டியது. பேரிங் எல்லாம் பொரிந்துபோயிருந்தது. உள்ளே இருக்கும் பல் சக்கர ஜோடி, கிரவுன் பினியன், தப்பியது என் அதிர்ஷ்டம்.

தண்ணீர் எப்படி உள்ளே போகிறது தெரியுமா? ஓடிச் சூடான ஆக்சில் சட்டென்று தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். சுருங்கும்போது மேலே இருக்கும் பிரீதர் என்ற மூச்சுத் துளை வழியாகவோ தேய்ந்த ஆயில் சீல் வழியாகவோ வெளியிலிருந்து இழுக்கும். காற்று இருந்தால் காற்று, தண்ணீர் இருந்தால் தண்ணீர். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கம் முழங்கால் தண்ணீரில் ஓட்டுகிறவனுக்கு இது வருஷா வருஷம் நடப்பது. இப்போது முன், பின் ஆக்சில் இரண்டுக்கும் பிரீதரில் ரப்பர் டியூப் மாட்டி பானெட்டுக்குள் மேலே கொண்டுபோய்க் கட்டிவிட்டேன். மொத்த வேலையிலும் மலிவானது அதுதான். உன் மஹிந்திராவுக்கு முதலில் இதைச் செய், மற்றதெல்லாம் அப்புறம்.

அடுத்தது சேஸ், வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டம். இங்கே உப்புக் காற்று சும்மா விடாது. அந்த சேஸ் பெட்டி மாதிரி மூடியது; ஓட்டை வழியாகச் சேறு உள்ளே போய்த் தங்கி, உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். வெல்டர் ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு கீழே படுத்து, முன்னாலிருந்து பின்வரைக்கும் தட்டிக்கொண்டே போனார். டங், டங், டங் என்று வந்து பின் ஸ்பிரிங்கைப் பிடிக்கும் ஷேக்கிள் பக்கத்தில் தொப்பென்றது. அடுத்த தட்டில் சுத்தியல் உள்ளே போய்விட்டது.

பேட்ச் அடிக்கிறேன் என்று துருவின் மேலேயே தகடு ஒட்டுகிறவர்கள் நிறைய. இவர் அப்படி இல்லை. பேட்டரி கனெக்‌ஷனைக் கழற்றி, பெட்ரோல் டேங்கையும் இறக்கச் சொன்னார். நல்ல இரும்பு வரும்வரை வெட்டினார். போட்ட தகட்டின் ஓரத்தை நேர்க்கோடாக விடாமல் இரண்டு பக்கமும் மீன் வால் மாதிரி சாய்த்து வெட்டி வெல்டு வைத்தார். குறுக்கே நேராக வெல்டு ஓடினால் சேஸ் ஆடும்போது அந்தக் கோட்டிலேயே விரிசல் விடுமாம். லாரி சேஸில் கற்ற பாடம். ரெட் ஆக்சைடு அடித்து, உள்ளே மெழுகு ஸ்ப்ரே விட்டாயிற்று.

நீ கேட்டிருந்தாயே, வண்டியைத் தூக்கலாமா, பெரிய டயர் போடலாமா என்று. எனக்கும் ஆசை இருந்தது. மணலிப் பக்கம் கன்டெய்னர் லாரிக்குக் கமான் பட்டை (ஸ்பிரிங்காக வேலை செய்யும் இரும்புத் தகடுகள்) அடிக்கும் பட்டறைக்குப் போனேன். பெரியவர் பட்டைகளைப் பிரித்து, நடுவில் இருந்த துருவைச் சுரண்டி, தரையில் சாக்பீஸால் ஒரு வளைவு போட்டார். ஒவ்வொரு பட்டையாகப் பட்டடையில் வைத்து, சூடேற்றாமல், விரற்கடை விரற்கடையாக நகர்த்தி அடித்து, அந்தக் கோட்டின் மேல் வைத்துப் பார்த்தார். சேரவில்லை என்றால் மறுபடியும் அடி. இன்னும் ரெண்டு இன்ச் தூக்க முடியுமா என்றேன். "தூக்கறது பெருசில்ல சார். அப்பால ஷாஃப்ட்டு கோணத்த எவன் பாப்பான்?" என்றார். சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஷாஃப்ட் அதிகம் சாய்ந்தால் அதன் இணைப்பான ஜாயின்ட் கிராஸ் போய்விடும், ஸ்டீயரிங் நேராக நிற்காது என்று அர்த்தம். உட்கார்ந்துபோன வண்டி பழைய உயரத்துக்கு வந்தது; அதோடு விட்டுவிட்டேன்.

எவ்வளவு தூக்கினாலும், ஆக்சில் நடுவே பல் சக்கரங்களை மூடியிருக்கும் டிஃப்ரன்ஷியல் ஹவுசிங் தரையிலிருந்து அதே உயரத்தில்தான் இருக்கும்; அதை உயர்த்துவது டயர் மட்டுமே. என் ஜிப்சி கிங் மாடலுக்குக் கம்பெனி டயர் 205/70 ஆர்15, விட்டம் சுமார் 67 செ.மீ. எல்லோரும் போடும் 235/75 ஏறக்குறைய 73. ஹவுசிங்குக்குக் கிடைப்பது அதில் பாதி, மூன்று சென்டிமீட்டர். அதற்குப் பதிலாகக் கியர் பத்து சதவீதம் இழுவை இழக்கும், ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது 66இல் போவாய். 1,300 சிசி இன்ஜினுக்கு அது அநியாயம். நான் பழைய சைஸிலேயே, தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான ஏடி டயர் போட்டு, மிச்சக் காசில் சின்ன கம்ப்ரஸர் வாங்கினேன். மணலில் காற்றை 18 பிஎஸ்ஐக்கு இறக்கிப் பார், பெரிய டயர் ஆசையே போய்விடும். தார் ரோடு ஏறும் முன் மறக்காமல் ஏற்றிவிடு.

நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கும் ஃபோர் வீல் லிவர் சிக்கிக்கொள்கிறது என்று எழுதியிருந்தாய். கியர்பாக்ஸைப் பிரிக்காதே. நம் வண்டிகளில் முன், பின் ஷாஃப்ட்டுக்கு நடுவே வேக வித்தியாசத்தைச் சமாளிக்கும் டிஃப்ரன்ஷியல் கிடையாது. இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றும். வளைவில் முன் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். மண்ணில் சறுக்கிச் சமாளிக்கும், தாரில் முடியாமல் முறுக்கேறி லிவரைப் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் ரிவர்ஸ் எடு, விட்டுவிடும். முன்னால் புது டயரும் பின்னால் மொட்டை டயருமாக ஓட்டுகிறாயா என்றும் பார். உங்கள் ஊர்த் தோட்ட ஜீப்கள் பாதி அப்படித்தான் ஓடுகின்றன.

இரும்பு பம்பர் வேண்டாம். புல் பார் எனப்படும் அந்த முன்கம்பியை 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை செய்துவிட்டது. மோதினால் நடந்துபோகிறவன் கதை முடிந்தது.

பொங்கலுக்குக் குடும்பத்தோடு வா. காசிமேட்டில் மீன் வாங்கிவிட்டுப் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் ஒரு சுற்றுச் சுற்றலாம். வலது கதவின் கண்ணாடி ஏற்றும் கைப்பிடி மட்டும் இன்னும் கிடைத்தபாடில்லை. போடியில் பழைய ஜிப்சி ஏதாவது உடைக்கப் போட்டிருந்தால் கழற்றி எடுத்து வை, காசு அனுப்புகிறேன்.

அன்புடன்,
குமார்