மச்சான், அந்த மெட்டல் கிளட்ச் வேண்டாம்

டேய் மச்சான்,

உன் லெட்டர் வந்துச்சு. முட்டி வலி பரவாயில்லன்னு எழுதினத படிச்சு நிம்மதியா இருந்துச்சு, ஆனா ரெண்டு பாரா தள்ளி "காரை ரீமேப் பண்ணிட்டேன்"னு, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர் செட்டிங்கை மாத்தி பவரை ஏத்திட்டேன்னு, சாதாரணமா எழுதி வெச்சிருக்க பாரு, அங்க சத்தமாவே சிரிச்சுட்டேன், வீட்ல என்னன்னு கேட்டாங்க. இங்க எல்லாரும் சௌக்கியம். பெரியவ டிரைவிங் கத்துக்கறா, மேனுவல்லதான் கத்துப்பேன்னு அடம், நான் ஏன் வேண்டாம்னு சொல்லப்போறேன். சின்னவனுக்கு கார்னாலே கொட்டாவி வருது, என்ன பண்றது.

சரி உன் கேள்விக்கு வர்றேன். நாலாவது கியர்ல 2500 ஆர்பிஎம்ல இருந்து ஆக்ஸிலரேட்டரை முழுசா மிதிச்சா ஆர்பிஎம் முள்ளு மட்டும் சர்ருன்னு மேல போகுது வண்டி வேகம் ஏறல, ட்யூன் பண்ணவர் ஸ்டேஜ் 3 மெட்டல் கிளட்ச்சும் (பவர் ஏத்தின வண்டிக்குன்னு வர்றது) லைட்வெயிட் ஃப்ளைவீலும் (இன்ஜினோட சுத்தற கனமான இரும்புச் சக்கரத்துல எடை குறைஞ்சது) போடச் சொல்றார், கம்பெனி கிளட்ச்சே சொத்தையான்னு கேக்கற. சொத்தை எல்லாம் இல்லடா. உன் வண்டியில ரெண்டு தனித்தனி விஷயம் நடந்திருக்கு, ரெண்டையும் ஒண்ணா போட்டு குழப்பிக்கற.

முதல்ல ஸ்லிப், அதாவது கிளட்ச் வழுக்கறது. கிளட்ச்சுக்கு ஹார்ஸ்பவர் என்னன்னே தெரியாது, அதுக்கு தெரிஞ்சது டார்க், அதாவது இன்ஜினோட முறுக்கு விசை மட்டும்தான். கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோட சேர்த்து அழுத்தற பிரஷர் பிளேட் எவ்வளவு அழுத்துது, பிளேட் மேல உரசறதுக்குன்னு இருக்கற லைனிங்கோட உராய்வு எவ்வளவு, பிளேட்டோட ஆரம் எவ்வளவு, எத்தனை பக்கம் உரசுது, இந்த நாலையும் பெருக்கினா அது தாங்கற டார்க் வந்துரும். கம்பெனிக்காரன் ஒரிஜினல் இன்ஜின் டார்க்குக்கு மேல கொஞ்சம் மார்ஜின் வெச்சுதான் குடுப்பான். டர்போ வண்டியில ரீமேப் பண்ணும்போது பூஸ்ட்டை (டர்போ இன்ஜினுக்குள்ள தள்ளற காத்தழுத்தம்) ஏத்தி நடு ஆர்பிஎம்லதான் டார்க்கை கொட்டுவாங்க, ஏன்னா டிரைவ் பண்றவனுக்கு அங்கதான் குஷி. அந்த மார்ஜினை உன் ட்யூனர் தின்னுட்டார், அவ்வளவுதான். பெரிய கியர்ல மட்டும் தெரியறதுக்கு காரணம், சின்ன கியர்ல வண்டி சட்டுன்னு ஓடிரும், ஆர்பிஎம் அந்த டார்க் மேட்டை நொடியில தாண்டிரும், நாலு அஞ்சுல அந்த மேட்டுலயே ரொம்ப நேரம் நின்னு இழுக்கணும், அப்ப பிளேட் கையை விட்டுருது.

ரெண்டாவது தேய்மானம், எனக்கு பேச ஆசை இதுலதான். எத்தனை கிலோமீட்டர் ஓடுச்சுன்னு நீ கணக்கு எழுதியிருக்க, கிளட்ச்சுக்கு அந்த கணக்கே அர்த்தம் இல்ல. ஹைவேல மணிக்கணக்கா ஓடினாலும் பிளேட் ஃப்ளைவீலோட ஒட்டிக்கிட்டு சும்மா சுத்திட்டுதான் இருக்கும், துளி தேயாது. தேயறது எல்லாம் வழுக்கற அந்த ஒண்ணு ரெண்டு செகண்ட்ல. சின்ன கணக்கு ஒண்ணு போட்டுப் பாரு. 1500 கிலோ வண்டி, சமதளம், ஃபர்ஸ்ட் கியர்ல ஆயிரம் ஆர்பிஎம்முக்கு 8 கிலோமீட்டர் வேகம்னு வெச்சுக்கோ. ஆர்பிஎம்மை ஒரே இடத்துல பிடிச்சுக்கிட்டு கிளட்ச்சை விட்டா, அது முழுசா பிடிக்கறதுக்குள்ள வண்டிக்கு எவ்வளவு சக்தி போகுதோ அதே அளவு கிளட்ச்ல சூடா வீணாகும், இது இயற்பியல், யார் ஓட்டினாலும் தப்பிக்க முடியாது. 1500 ஆர்பிஎம்ல கிளம்பினா 12 கிலோமீட்டர் வேகத்துல பிடிக்கும், சுமார் 8 கிலோஜூல் சூடு. 4500-ல பிடிச்சு கிளம்பினா 36-ல பிடிக்கும், 75 கிலோஜூல். ஆர்பிஎம் மூணு மடங்கு, சூடு ஒம்போது மடங்கு! அதுவும் அந்த ஒல்லி பிளேட்டோட மேல் தோல்ல ரெண்டு செகண்ட்ல இறங்குது.

இங்க ஒருத்தர் வண்டியில கியர்பாக்ஸை இறக்கினப்ப நான் பக்கத்துல இருந்தேன். நானூறுக்கு மேல நியூட்டன் மீட்டர் டார்க் இருக்கற ஆல் வீல் டிரைவ், சிக்னல்ல இருந்து பாய்ஞ்சு கிளம்பறதுதான் அவருக்கு உயிர். பிளேட்டை கையில வாங்கிப் பார்த்தேன், லைனிங் கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கு, விரல வெச்சா வழுக்குது. ஃப்ளைவீல் மேல திட்டுத் திட்டா நீலம், அதுக்கு நடுவுல தலைமுடி கனத்துல சின்னச் சின்ன வெடிப்பு. கிளட்ச்சை மூடியிருக்கற பெல் ஹவுசிங் உள்ள கருப்பு மாவு, அந்த கருகின வாடை மறுநாள் வரைக்கும் என் கையில இருந்துச்சு. நல்லா கவனி, பாதிக்கு மேல லைனிங் இன்னும் இருந்துச்சு. தேய்ஞ்சு போகல, வெந்து போச்சு. லைனிங்ல இருக்கற ரெசின் ஒருதடவை ரொம்ப சூடாகி மேல் தோல் பளபளத்துட்டா அப்புறம் பிடிப்பு குறைஞ்சிரும், பிடிப்பு குறைஞ்சா இன்னும் வழுக்கும், வழுக்கினா இன்னும் சூடு. ஆல் வீல் டிரைவ்ல இது சீக்கிரம் நடக்கும், ஏன்னா ரெண்டு வீலுக்கு மட்டும் பவர் போற கார்ல டயராவது சுத்தி கொஞ்சம் விட்டுக்குடுக்கும், இதுல நாலு டயரும் ரோட்டை விடாது, விட்டுக்குடுக்க கிளட்ச் ஒண்ணுதான் இருக்கு.

வேகமான வண்டிங்கள்ல இன்னொரு வில்லங்கம் கியர் நீளம். போர்ஷே கேமன் ஜிடி4 செகண்ட் கியர்லயே 130 கிலோமீட்டர் வேகத்தை தாண்டும், பார்க்க பெருமைதான், ஆனா கியர் நீளமா இருந்தா கிளம்பும்போது கிளட்ச் வழுக்கற நேரமும் நீளும். மேட்டுல ரிவர்ஸ் எடுத்து இஞ்ச் இஞ்ச்சா பார்க் பண்றது இருக்கு பாரு, அதுல எத்தனை கிளட்ச் போயிருக்கும்னு யாரும் கணக்கு எடுக்கறதில்ல, பழி மட்டும் ஹைவேல விரட்டின ஓட்டத்து மேல விழுது.

இப்ப அந்த மெட்டல் கிளட்ச். அது சூட்டை தாங்கும், மறுக்கல. ஆனா பிடிச்சா பட்டுன்னு பிடிக்கும், நடுவுல ஒண்ணும் கிடையாது, டிராஃபிக்ல வண்டி உதறும், பெடலை மிதிக்க கால்ல பலம் வேற வேணும். உன் முட்டிய வெச்சுக்கிட்டு இத போடுவியா? போர்ஷே கரெரா ஜிடி தெரியும்ல, 5.7 லிட்டர் வி10, அதுல இன்ஜினை கீழ இறக்கணும்னு 169 மில்லிமீட்டர் விட்டத்துல செராமிக் கிளட்ச் வெச்சாங்க, அனுபவசாலிங்களே நடுரோட்ல வண்டியை ஆஃப் பண்ணிட்டு நின்ன கதை ஏகப்பட்டது இருக்கு. அதுல கிளம்பற வழியே ஆக்ஸிலரேட்டரை தொடாம மெதுவா கிளட்ச்சை மட்டும் விடறது, மிச்சத்தை கம்ப்யூட்டர் பார்த்துக்கும்.

லைட்வெயிட் ஃப்ளைவீல் விஷயத்துல உன் ட்யூனரோட நான் சண்டையே போடுவேன். அந்த கனமான இரும்புதான் சூட்டை வாங்கி வெச்சுக்கற இடம், அதை பாதியாக்கினா அதே மாதிரி பாய்ஞ்சு கிளம்பினாலும் சூடு சீக்கிரம் ஏறும். இன்ஜினும் சட்டுன்னு ஆஃப் ஆகும், அந்த பயத்துல நீ ஆர்பிஎம்மை ஏத்தி ஹாஃப் கிளட்ச்ல கிளம்ப ஆரம்பிப்ப. போதாததுக்கு உன் வண்டியில இருக்கறது டூயல் மாஸ், அதாவது ரெண்டு துண்டா இருந்து நடுவுல ஸ்பிரிங் வெச்ச ஃப்ளைவீல், அத எடுத்துட்டா ஐடில்ல கியர்பாக்ஸ் கடகடன்னு சத்தம் போடும். இன்ஜின் அதிர்வை கியர்பாக்ஸுக்கு போகாம உள்ள இருக்கற ஸ்பிரிங் தடுக்குது, 1985-ல லூக்னு கிளட்ச் பண்ற ஜெர்மன் கம்பெனி அத கொண்டு வந்தப்ப நோக்கமே அதுதான். டூயல் மாஸை கெடுக்கற பழக்கம் வேற, அஞ்சாவது கியர்ல 1200-ல முனகிக்கிட்டு போய் திடீர்னு முழுசா மிதிக்கறது. பவர் இருக்குன்னு கியரை குறைக்காம இழுக்கற சோம்பேறித்தனம் உனக்கு காலேஜ் காலத்துல இருந்தே உண்டு.

நான் உன் இடத்துல இருந்தா முதல்ல ட்யூனர்கிட்ட போய் 3500-க்கு கீழ டார்க்கை கொஞ்சம் இறக்கச் சொல்லுவேன், மேல இருக்கற பவரை தொட வேண்டாம். அதுக்கு அப்புறமும் வழுக்கினா, அழுத்தம் கொஞ்சம் ஜாஸ்தி உள்ள பிரஷர் பிளேட்டோட ஆர்கானிக் பிளேட் போடுவேன், மெட்டல் இல்லாம ரெசின் லைனிங் உள்ளது. இன்னும் பவர் ஏத்தற எண்ணம் இருந்தா ட்வின் பிளேட்டுக்கு போ, ரெண்டுக்கு பதில் நாலு பக்கம் உரசறதால அழுத்தத்தை ஏத்தாமலே பிடிப்பு கிடைக்கும், பெடலும் கனக்காது. எத போட்டாலும் கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே கிளட்ச்சை விடுவிக்கற ரிலீஸ் பேரிங்கையும் மாத்திரு, பெடல் அழுத்தத்தை அதுக்கு கொண்டு போற ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸ் உள்ள இருக்கற மாடல்னா அதையும். இன்ஜினோட கிராங்க் ஷாஃப்ட் பின்னாடி இருக்கற ஆயில் சீல் கசியுதான்னு பாரு, எண்ணெய் பட்ட பிளேட்டும் இதே மாதிரிதான் வழுக்கும். புது பிளேட்டுக்கு 500ல இருந்து 800 கிலோமீட்டர் வரைக்கும் நின்னு நின்னு போற சாதாரண ஓட்டம், முழு த்ராட்டில் கூடாது. உன்னால முடியாதுன்னு தெரியும், இருந்தாலும் எழுதி வெக்கறேன்.

கியர் குறைக்கும்போது ஆக்ஸிலரேட்டர் தட்டி இன்ஜின் வேகத்தை கியருக்கு மேட்ச் பண்ணலைன்னா கிளட்ச் போயிருமான்னும் கேட்டிருந்த. பண்ணினா நல்லது, வண்டி குலுங்காது, ஆனா பயப்படற அளவுக்கு ஒண்ணும் இல்ல, 2000 ஆர்பிஎம் வித்தியாசத்துல இன்ஜினை இழுத்து சுத்தறதுக்கு நாலஞ்சு கிலோஜூல்தான், நீ பாட்டுக்கு ஒருதடவை கிளம்பறதுல பாதி. 2009-ல நிசான் 370இசட்ல இருந்து வண்டியே அத பண்ணிக்குது, உன் வண்டியிலயும் பட்டன் இருக்கணுமே. கியர் மாறி விழறதுக்குத்தான் நிஜமா பயப்படணும். அஞ்சுல வேகமா போய்க்கிட்டு நாலுக்கு பதில் ரெண்டுல தள்ளிட்டா, கிளட்ச்சை இன்னும் மிதிச்சுக்கிட்டுதானே இருக்கோம் இன்ஜினுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நினைப்பாங்க. இன்ஜின் தப்பிக்கும், ஆனா பிளேட் கியர்பாக்ஸ் பக்கம் மாட்டியிருக்கறதால அது வீல் வேகத்துக்கு பத்தாயிரத்துக்கு மேல சுத்தும், லைனிங் பிய்ஞ்சு பறக்கும்.

பொண்ணுக்கு நான் சொல்லிக்குடுக்கறதும் இதேதான், சமதளத்துல ஆக்ஸிலரேட்டரே தொடாம கிளட்ச்ல மட்டும் வண்டியை நகர்த்து, நகர்ந்த பிறகு காலை முழுசா எடுத்துரு, பெடல் மேல கால் தூங்கக் கூடாது. மேட்டுல ஹேண்ட் பிரேக். அவ ரெண்டாம் நாளே பிடிச்சுக்கிட்டா, எனக்கு பொறாமையா இருந்துச்சு.

பழைய பிளேட்டை கழட்டினா தூக்கிப் போட்டுராத, ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பு, ஃப்ளைவீலையும் சேர்த்து. வெந்திருக்கா தேய்ஞ்சிருக்கான்னு பார்த்து சொல்றேன், அதுக்கு முன்னாடி எந்த கிளட்ச்சுக்கும் அட்வான்ஸ் குடுத்துராத. தங்கச்சியையும் பசங்களையும் கேட்டதா சொல்லு.

உன் பழைய ரூம்மேட்