தொடர்நாள் கணக்கும் தசமக் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர் தரும் விடையைப் பார்த்து அடுத்த கேள்வியை எளிதாக்கியோ கடினமாக்கியோ தரும் கற்றல் செயலிகள் இன்று பல வீடுகளுக்குள் வந்துவிட்டன. ‘இன்று இன்னும் பயிற்சி செய்யவில்லையே’ என்ற நினைவூட்டல், விடாமல் படித்த நாள்களின் எண்ணிக்கை, பதக்கம் ஆகியவற்றைக் காட்டி அவை பிள்ளைகளை உந்துகின்றன. ‘நட்ஜ்’ எனப்படும் இந்த உத்தியைப் பரவலாக்கியவர்களுள் ஒருவர், 2017இல் பொருளியல் நோபல் பெற்ற ரிச்சர்ட் தேலர். வேண்டாம் என்று விலகுவதும் எளிதாக இருக்க வேண்டும் என்பது அதன் இலக்கணம்.

ஏழாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி ஓர் இரவு பத்து மணிக்குத் தூக்கக் கலக்கத்தில், தசம வகுத்தல் கணக்குகளுக்குக் கேள்வியைப் படிக்காமலேயே ஏதோ ஒரு விடையைத் தொட்டுக்கொண்டிருந்தாள். கேட்டதற்கு, “நாற்பது நாள் தொடர்ச்சி அறுந்துபோகும் தாத்தா” என்றாள். மறுநாள் அந்தச் செயலி, அவள் நன்றாகவே போடும் அந்தக் கணக்குகள் அவளுக்குத் தெரியாது என்று முடிவுகட்டி, முந்தைய பாடத்துக்கு அவளைத் திருப்பி அனுப்பிவிட்டது. மாணவரின் விடைகளை நம்பியே இயங்கும் மென்பொருள், தன் அவசர மணியாலேயே அந்த விடைகளைக் கெடுத்துக்கொள்வதை, முப்பதாண்டுகள் கணிதம் கற்பித்த எனக்கு ஏற்க முடியவில்லை.

இத்தகைய மென்பொருளால் பயனில்லை என்று நான் கூறவில்லை. டெல்லியில் ‘மைண்ட்ஸ்பார்க்’ என்ற கற்றல் மென்பொருளைப் பற்றி நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஆய்வில், நான்கரை மாதங்களுக்குள் கணிதத்திலும் இந்தியிலும் மாணவர்கள் தெளிவாக முன்னேறினர். ஆனால் அங்கே ஒவ்வோர் அமர்விலும் 45 நிமிடம் கணினி என்றால், இன்னொரு 45 நிமிடம் சிறு குழுவாக உதவியாசிரியரிடம் பாடம் இருந்தது. தூங்கி வழியும் பிள்ளையை அவர் கண்டுகொள்வார்.

வீட்டில் அப்படி ஒருவர் இல்லாதபோது, நினைவூட்டலாவது பாடத்தைப் பற்றிப் பேசட்டும். ‘நேற்று பின்னக் கூட்டலில் பகுதிகளையும் சேர்த்துக் கூட்டிவிட்டாய், இரண்டு கணக்கு மட்டும் பார்ப்போமா?’ என்று கேட்பதும் உந்துதல்தான். இரண்டே நொடியில் தொடப்பட்ட விடையைத் திறனறியக் கணக்கில் கொள்ளாமல் விடுவது நிரல் எழுதுவோருக்குப் பெரிய வேலையாக இருக்காது.

18 வயது நிறையாதோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அந்த ஒப்புதலைப் பெறும்போதே, நினைவூட்டல் வேண்டுமா, இரவு எத்தனை மணியோடு அது நிற்க வேண்டும் என்பதையும் நிறுவனங்கள் தனியே கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்,
திண்டுக்கல்