உன் பங்கு வயலைப் பற்றி

வெதி, கிளாத்தென் மாவட்டம், மத்திய ஜாவா
ஆகஸ்ட் 2025

அன்பு மகளுக்கு,

சென்ற வாரம் தொலைபேசியில் நீ சொன்னதற்கு நான் பதில் பேசவில்லை. "பாட்டி வயலில் எனக்குப் பங்கு வேண்டாம் அப்பா, நான் தாய்வானிலேயே திருமணம் செய்துகொள்ளப் போகிறேன், எல்லாவற்றையும் அண்ணன் பெயருக்கே எழுதிவிடுங்கள்" என்றாய். நிலத்தைப் பற்றிய பேச்சு எழுத்தில் இருப்பதுதான் நல்லது என்பதால் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

பாட்டி இறந்த ஆயிரமாவது நாள் சடங்கு முடியும் வரை பங்கீட்டைப் பற்றி வாய் திறப்பதில்லை என்று வீட்டில் முடிவு செய்திருந்தோம். அது போன மாதம் நல்லபடியாக முடிந்தது. இனித் தள்ளிப்போட முடியாது. நம் வயலுக்கு இன்று வரை சான்றிதழ் கிடையாது. கிராம அலுவலகத்தில் உள்ள லெட்டர் சே என்ற பழைய நிலவரிப் புத்தகத்தில் பாட்டியின் பெயரில் ஒரு பதிவு இருக்கிறது, அதன் நகல் நம்மிடம் இருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் புத்தகம் வரி வசூலிப்பதற்காக எழுதப்பட்டது, உரிமையைச் சொல்வதற்காக அல்ல. இத்தகைய பழைய தாள்களை வைத்திருப்பவர்கள் ஐந்து ஆண்டுகளுக்குள் நிலத்தைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று 2021 பிப்ரவரியில் அரசு விதி வந்தது. அந்தக் கெடு வரும் பிப்ரவரியில் முடிகிறது. அதனால் நிலம் பறிபோய்விடாது. ஆனால் அந்தத் தாள் அதன் பிறகு உரிமைச் சான்றாக நிற்காது, வெறும் குறிப்பாகவே கொள்ளப்படும். நல்ல வேளையாக, 2017 முதல் நடக்கும் ஒட்டுமொத்த நிலப்பதிவுத் திட்டம் இந்த ஆண்டு நம் ஊருக்கு வந்திருக்கிறது. ஜாவாவில் கிராமத்தில் கட்ட வேண்டிய தொகை 1,50,000 ரூபியாதான்.

அந்தத் தாளை உனக்கு நினைவிருக்கும். 2006 மே 27, சனிக்கிழமை, காலை ஆறு மணிக்குச் சற்று முன் நிலம் அதிர்ந்து நம் வீடு ஒரு நிமிடத்துக்குள் தரைமட்டமானபோது உனக்குப் பதினாறு வயது. கிளாத்தெனில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்த அந்தக் காலையில், நாம் நால்வரும் உயிரோடு இருப்பதைப் பார்த்துவிட்ட பிறகு பாட்டி செய்த முதல் வேலை, உடைந்த ஓடுகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிவிட்டு நசுங்கிப்போன பிஸ்கட் தகர டப்பா ஒன்றை வெளியே இழுத்ததுதான். மூடி திறக்க வரவில்லை. அரிவாள் முனையால் நெம்பித் திறந்தார். உள்ளே லெட்டர் சே நகலும் நிலவரி ரசீதுகளும் துணியில் சுற்றியபடி இருந்தன. அந்தத் துணி அவர் சந்தைக்கு நெல் சுமந்துபோன பழைய ஸ்லெந்தாங் என்ற தோள்துணியிலிருந்து கிழித்தது.

அந்த ஸ்லெந்தாங்கைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தது. நம் வழக்கில் 'செபிக்குல் செகெந்தோங்கான்' என்பார்கள். ஆண் காவடித்தண்டில் முன்னும் பின்னுமாக இரண்டு சுமை தூக்குகிறான், பெண் ஸ்லெந்தாங்கில் கட்டி முதுகில் ஒரு சுமைதான் தூக்குகிறாள், ஆகவே மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு என்பது அதன் பொருள். உடன்பிறந்தவர்கள் சமமாகப் பிரித்துக்கொள்ளும் வழக்கமும் இதே ஜாவாவில் உண்டு. எது சரி என்று ஒவ்வொரு குடும்பமும் உட்கார்ந்து பேசி முடிவு செய்கிறது. நம் வீட்டில் யார் எவ்வளவு சுமந்தார்கள் என்பதை நான் அறிவேன், அதனால்தான் சமம் என்று முடிவு செய்தேன்.

1998-இல் தாத்தா படுக்கையில் விழுந்தார். ஓராண்டுக்கு முன் ஒரு டாலருக்கு 2,400 ரூபியா அளவில் இருந்தது 15,000-ஐத் தாண்டிய காலம் அது. மருந்தும் உரமும் தொடமுடியாத விலை. வயலை ஒத்திக்கு வைத்தேன். ஒத்தி பிடித்தவர் நம் ஊர்க்காரர், நல்லவர். வயலை என்னிடமே பாதி வாரத்துக்கு விட்டார். என் சொந்த வயலில் நானே உழுது நட்டு, விளைச்சலில் பாதியைப் பதினாறு ஆண்டுகள் அவர் களத்தில் கொண்டுபோய்க் கொட்டினேன். நீ 2012-இல் தாய்வானுக்குப் போய், ஒரு முதியவரை இரவும் பகலும் பார்த்துக்கொண்டு, இரண்டு ஆண்டுச் சம்பளத்தில் சேர்த்து அனுப்பிய பணத்தில்தான் 2014-இல் அதை மீட்டோம். ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஒத்தியில் இருந்த வயலை, நிற்கும் பயிரை அறுத்த ஒரு மாதத்துக்குள், பணம் கேட்காமலே சொந்தக்காரரிடம் திருப்பித் தர வேண்டும் என்று 1960-லேயே சட்டம் இருக்கிறது. எனக்கு அது அப்போது தெரியாது. இந்த ஆண்டு நிலப்பதிவுக் கூட்டத்தில் ஒருவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னபோதுதான் தெரிந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. விசாரிக்காமல் இருந்தது என் தவறு, அதற்கான விலையை நீ கொடுத்தாய். மன்னித்துக்கொள்.

உன் அண்ணனிடமும் பேசிவிட்டேன். அவனுக்கு மறுப்பு இல்லை, "தங்கை மீட்ட வயல்" என்று அவனே சொன்னான். நான் உயிரோடு இருக்கும்போதே ஹிபாவாக, அதாவது பரிசாக, 2,400 சதுர மீட்டரை 1,200, 1,200 என்று இருவர் பெயருக்கும் எழுதுகிறேன். சிறிய துண்டுதான், ஆனாலும் வாய்க்கால் தண்ணீர் முதலில் பாயும் மேற்குப் பாதி உனக்கு. அளக்கும் நாளில் நான்கு பக்கத்துக்காரர்களும் வந்து வரப்பில் நின்றார்கள். தெற்குப் பக்கத்துக்காரர் பல ஆண்டுகளாகச் சேறு பூசும்போதெல்லாம் வரப்பை ஒரு விரற்கடை நம் பக்கம் தள்ளிக்கொண்டே வந்திருந்தார். பழைய மூலைக் கல்லை நான் மண்வெட்டியால் தோண்டிக் காட்டியதும் ஒன்றும் பேசாமல் தன் பக்கம் இரண்டடி எடுத்து நின்றார், கையெழுத்தும் போட்டார். புதிய எல்லைக்கல்லை அங்கேயே நட்டோம்.

இனி நீ முடிவு செய்ய வேண்டியவை. தாய்வான் நாட்டவரை மணப்பதால் மட்டும் உன் நிலம் போகாது. பரிசாக வந்த சொத்து அவரவர் சொத்தாகவே இருக்கும் என்று 1974-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் சொல்கிறது. ஆனால் தாய்வான் குடியுரிமை பெற நம் குடியுரிமையைத் துறக்க வேண்டும் என்கிறார்கள். அப்படித் துறந்தால் 1960-ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி ஓராண்டுக்குள் இந்த வயலை நீ வேறொருவருக்கு மாற்றிவிட வேண்டும். திருமணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, உன் மகிழ்ச்சிதான் எங்களுக்கு முதலில். குடியுரிமைத் தாளில் கையெழுத்திடும் முன் இதை எண்ணிப்பார் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இன்னொன்று, விளைநிலத்தின் சொந்தக்காரர் அதே வட்டத்திலோ ஒட்டிய வட்டத்திலோ குடியிருக்க வேண்டும் என்று 1961 முதல் விதி இருக்கிறது. உன் அடையாள அட்டையில் நம் ஊர் முகவரியை மாற்றாதே.

பதிவுக்கு நீ நேரில் வர இயலாது என்பதால் அதிகாரப் பத்திரம் ஒன்று வேண்டும். தைப்பேயில் தூதரகம் கிடையாது, இந்தோனேசிய வணிகப் பொருளாதார அலுவலகத்தில்தான் சான்றொப்பம் வாங்க வேண்டும். விடுமுறை கிடைக்கும் முதல் நாளில் போய் வாங்கி அனுப்பு. உன் முழுப்பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கிறதா என்று ஒரு எழுத்து விடாமல் பார்.

இப்போது வயலில் புகையிலை நிற்கிறது. அடியிலை ஒடிக்கத் தொடங்கிவிட்டோம், அம்மா திண்ணையில் உட்கார்ந்து கோத்துக்கொண்டிருக்கிறார். நவம்பரில் மழை பிடித்ததும் நாற்றுவிட வேண்டும். உன் பாதியில் பழைய ரோஜோலேலே நெல் நடலாமா, அது ஐந்து மாதம் நின்று காற்றில் சாயும், ஆனால் சோறு மணக்கும். அல்லது நான்கு மாதத்தில் முடியும் குட்டை ரகம் போதுமா? அக்டோபர் முடிவதற்குள் எனக்குச் சொல். விதை சொல்லி வைக்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா