டீயை நிறுத்தினால் மூன்று வட்டிக் கடன் அடையுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் சில வாரங்களாகக் கடனிலிருந்து மீள வழி சொல்லும் கட்டுரைகள் வருகின்றன. கடை டீயை நிறுத்துங்கள், வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து வையுங்கள், சின்னக் கடனை முதலில் அடையுங்கள், மனதை மாற்றுங்கள் என்பது அவற்றின் சாரம். எதுவும் தப்பில்லை. யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்பதைத்தான் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடிக் கல் பதிக்கும் ஒரு கொத்தனார் வீட்டை உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். மாத வரவு 24,000; வீட்டுச் செலவு 18,000; மிச்சம் 6,000. கடன்கள் மூன்று. புரோ நோட்டில் (கடன் உறுதிச் சீட்டு) மூன்று வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய்க்கு, ஒன்றரை லட்சம்: வட்டி மட்டும் மாதம் 4,500. தண்டல் (தினம் வசூலிக்கும் கடன்) நாளுக்கு 100: மாதம் 3,000. மனைவி பெயரில் மைக்ரோ பைனான்ஸ் குழுக் கடன் வாரம் 700: மாதம் சுமார் 3,000. ஆக 10,500. கையில் இருப்பதோ 6,000. துண்டு விழும் 4,500-க்குத்தான் அடுத்த தண்டல் வாங்குகிறார்கள். தினம் இரண்டு டீயை நிறுத்தினால் மாதம் 900 மிச்சமாகும். துண்டில் ஐந்தில் ஒரு பங்குதான் அது. இந்த வீட்டுக்காரரிடம் சிக்கனத்தைப் பற்றிப் பேசுவது அவரை அவமதிப்பது.

வட்டியும் தவணையும் போக ஏதாவது மிஞ்சுகிற வீட்டில்தான் அறிவுரை வேலை செய்யும். மிஞ்சாத வீட்டில் முதலில் மாற்ற வேண்டியது வட்டியை. பழக்கத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வட்டிக்கடை நடத்தியே பேரெடுத்த ஊர்க்காரர்களான நமக்கு இது தெரியாததல்ல. 1930-இல் நெல் விலை விழுந்தபோது கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில், அங்கே கடன் கொடுத்துவந்த நம் செட்டியார்கள் கையில் இருந்தது நிலத்தில் 6 சதவீதம். 1938-இல் அது 25 சதவீதம். அந்த எட்டு வருடத்தில் பர்மா விவசாயி திடீரென்று ஊதாரியாகிவிடவில்லை. விலை பாதியாகிவிட, வட்டி அப்படியே நின்றது. பணமாகத் திரும்ப வேண்டியது வயலாகத் திரும்பியதில் கொடுத்தவர்களுக்கும் நிம்மதி இல்லை.

முதல் வேலை, பழைய கணக்குப்பிள்ளைகள் செய்ததுபோல ஐந்தொகை எடுப்பது. யாருக்கு, எவ்வளவு அசல், என்ன வட்டி, மாதம் என்ன தவணை, எப்போது முடியும், என்ன எழுதிக் கொடுத்திருக்கிறோம் (நோட்டா, வெற்றுக் காசோலையா, பத்திரமா) என்று ஒரே தாளில் வர வேண்டும். மொய் நோட்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய மொய் வட்டியில்லாக் கடன்தான். அவர்கள் வீட்டு விசேஷத் தேதிதான் அதற்குக் கெடு. வெளியூர்ப் புத்தகங்களில் இதற்குப் பத்தியே கிடையாது. வரும் தை, வைகாசி, ஆவணியில் திருப்பிச் செய்ய வேண்டியதைக் கூட்டாமல் போட்ட எந்தத் திட்டமும் முதல் பத்திரிகை வந்த அன்றே உடைந்துவிடும்.

வட்டியை எல்லாம் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து பார்க்க வேண்டும். மூன்று வட்டி என்றால் ஆண்டுக்கு 36 சதவீதம். இது எல்லோருக்கும் தெரியும். 10,000 தண்டலில் 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கொடுத்து, நாளுக்கு 100 வீதம் 100 நாள் வாங்கினால்? பலர் அதை '15 சதவீதம்' என்கிறார்கள். அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதால் அது மாதம் பத்து வட்டி. ஆண்டுக்கு 120 சதவீதத்துக்கு மேல். அதேபோல் ஒரு லட்சத்துக்கு '12 சதவீதம்தான்' என்று 24 மாதத்துக்கு 5,167 தவணை போட்டால், உண்மை வட்டி ஏறக்குறைய 21.5 சதவீதம். வங்கியோ பைனான்ஸ் கம்பெனியோ, கையெழுத்துப் போடும் முன்பே எல்லாக் கட்டணமும் சேர்த்த ஆண்டு வட்டியைக் காட்டும் விவரத் தாளைக் கொடுத்தாக வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

சின்னக் கடனை முதலில் அடை என்ற அறிவுரை நம் ஊருக்குச் சரிதான். ஆனால் புத்தகம் சொல்லும் மனத்திருப்திக்காக அல்ல. தண்டலில் 30 நாள் பாக்கி என்றால் 3,000 கொடுத்தால் மாதம் 3,000 விடுபடுகிறது. அதே 3,000-ஐப் புரோ நோட்டின் அசலில் கட்டினால் மாதம் 90 ரூபாய்தான் குறையும். மூச்சு முட்டுகிறவருக்கு வட்டி விகிதத்தைவிட, கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் மாதத் தவணை எவ்வளவு விடுபடுகிறது என்பதே கணக்கு.

அடுத்தது வட்டியை மாற்றுவது. பீரோவில் நகை இருக்கும்போதே மூன்று வட்டி கட்டுவது நம் பக்கத்தில் சகஜம். அடகுக்குப் போனால் கௌரவம் போய்விடுமாம். ஒன்றரை லட்சத்தை வங்கியில் 10 சதவீத நகைக் கடனாக மாற்றினால் மாத வட்டி 4,500 என்பது 1,250 ஆகும். தண்டலும் முடிந்துவிட்டால் அந்த வீட்டில் மொத்தம் 4,250 கட்டினால் போதும், 1,750 மிஞ்சும். டீயின் 900 இப்போதுதான் காசாகிறது.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். மொத்தமாகத் திருப்பும் நகைக் கடனுக்குக் கெடு 12 மாதம். அந்த 1,750 வீட்டுச் செலவில் கரைந்துவிட, கெடு நாளில் நகையை மீட்டு மறுபடி வைக்க ஒருநாள் வட்டிக்கு ஓடுகிறார்கள். மிஞ்சியதை மாதாமாதம் நகைக் கடனின் அசலிலேயே கட்டி, ரசீது வாங்கிவிட வேண்டும். இன்னொன்று, 2.5 லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் தரலாம் என்று ரிசர்வ் வங்கி 2025-இல் வகுத்த விதியை நம்பி உச்சவரம்பு வரை வாங்காதீர்கள். தங்கம் இறங்கினால் ஏல நோட்டீஸ் முதலில் வருவது அந்த வீட்டுக்குத்தான். முழுக்கக் கட்டிய பிறகு ஏழு வேலை நாளுக்குள் நகை வர வேண்டும். தாமதத்துக்கு நாளுக்கு 5,000 ரூபாய் என்பதும் அதே விதியில் இருக்கிறது.

நகை இல்லாதவருக்கு வங்கி இணைப்புள்ள மகளிர் சுய உதவிக் குழு ஒரு வழி. தேசிய வாழ்வாதாரத் திட்டக் குழுக்களுக்கு 3 லட்சம் வரை கடனுக்கு 7 சதவீத வட்டி. மைக்ரோ பைனான்ஸ் குழு வேறு, இது வேறு. மைக்ரோ பைனான்ஸிலும் வீட்டின் எல்லாத் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது, முன்கூட்டி அடைத்தால் அபராதம் கூடாது, காலை 9-க்கு முன்போ மாலை 6-க்குப் பின்போ வசூலுக்கு வரக் கூடாது என்பது 2022 முதல் விதி. மீறினால் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்வு இல்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்குப் போகலாம். விவரம் கேட்க 14448.

தனியார் கடனில் பெரிய முட்டுக்கட்டை, 'அசலை மொத்தமாகத்தான் வாங்குவேன்' என்பது. அஞ்சலகத் தொடர் வைப்பில் சேர்த்து, மூன்றில் ஒரு பங்கு கையில் வந்ததும் இரு தரப்புக்கும் வேண்டிய பெரியவர் ஒருவரை வைத்துப் பேசினால் பெரும்பாலும் இறங்கி வருவார்கள். கொடுப்பதை வங்கி வழியாகக் கொடுங்கள். இல்லாவிட்டால் நோட்டின் பின்புறம் தேதியோடு வரவு எழுதச் சொல்லுங்கள். நாம் கையெழுத்திட்டு வரவு எழுதினால் நோட்டின் மூன்றாண்டுக் கெடு புதிதாகத் தொடங்கும் என்பது உண்மைதான். ஆனால் கட்டியதற்குச் சாட்சி இல்லாமல் போவது அதைவிட மோசம். வாங்கவே மறுத்து மிரட்டினால், 2003-ஆம் ஆண்டின் அதீத வட்டித் தடைச் சட்டப்படி உரிய வட்டியோடு பணத்தை நீதிமன்றத்தில் கட்டலாம். காசோலை திரும்பி வக்கீல் நோட்டீஸ் வந்தால் பணம் கட்ட 15 நாள்தான். அதைப் பிரிக்காமல் வைத்திருக்கிறவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள்.

கல்யாணச் சமையல் மாஸ்டர்களுக்கு மாதச் சேமிப்பு விகிதமே பொருந்தாது. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. அந்த மாதத் தவணையை வைகாசியிலும் ஐப்பசியிலும் எடுத்துத் தனிக் கணக்கில் போட்டுவிட வேண்டும்.

தங்கள் இணைப்பில் அடுத்த வாரங்களிலாவது தண்டல் வட்டிக் கணக்கை ஓர் அட்டவணையாகப் போடுங்கள். கடன் தீர்ந்த பின் செய்ய வேண்டியதையும் எழுதச் சொல்லுங்கள்: நோட்டையும் வெற்றுக் காசோலைகளையும் கையோடு வாங்குவது, அடமானம் பதிவாகியிருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் ரசீது பதிந்து, வில்லங்கம் போட்டுப் பார்ப்பது. பணத்தைக் கட்டியும் ரசீது பதியாத வீட்டை, மகள் கல்யாணத்துக்கு விற்கப் போகும்போது வாங்க ஆள் வரமாட்டார்.

இப்படிக்கு,
கணக்கெழுதும் வாசகர்,
காரைக்குடி